எட்டு மஞ்சள் சட்டைகள்

“எழுதின புத்தகமும் மகளுக்கு, இனி எழுதப்போறதும் மகளுக்கு. அதையும் சேத்து எழுதுங்க” என்று ஸுல்பிகா சொன்னபோது நொத்தாரிசு பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள், பெண் வீட்டாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட உரத்துச் சிரித்தவள் ஸுல்பிகாதான்.

அது சீதன உறுதி எழுதிய நாள். கிண்ணியாப் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் தாய் தன் வீட்டை மகள் பெயரில் எழுதிவிட்டுக் குசினிக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். இதைக் கொடுமை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தாய்மார் எல்லாரும் ஏற்கனவே ஒதுங்கிவிட்டார்கள். குறிஞ்சாக்கேணியில் களப்பைப் பார்த்தபடி இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக நின்ற அந்த வீட்டை ஸுல்பிகா தனி மனுசியாக, கையால் சுற்றும் தையல் மெசின் ஒன்றை வைத்துக்கொண்டு கட்டினாள். மாப்பிள்ளை றிகாஸ் பஸ் நிலையத்துக்கு அருகே போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தான். அவனுடைய தாய் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வளவு கொஞ்சம் சின்னன்தான்” என்றாள். அந்தச் சொல்தான் வினை.

ஸுல்பிகா ரோசக்காரி. வீட்டைக் கொடுத்தாயிற்று, காதில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்தாயிற்று. இன்னும் ஏதாவது கொடுத்து அந்த மனுசியின் மூக்கை உடைக்க வேண்டும். கையில் மிச்சமாக இருந்தவை அவள் எழுதிய புத்தகங்கள். புத்தகத்தைச் சீதனமாகக் கொடுத்தவளை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. பின்னாலும் காணாது என்று நினைக்கிறேன். நொத்தாரிசு சிரித்து முடித்துவிட்டு அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டார்.

அப்போது புத்தகங்கள் ஏழு. தொடரின் பெயர் ‘உப்புப் பட்டணம்’. திருகோணமலைத் துறைமுகத்தின் அடியில், நங்கூரம் எட்டாத ஆழத்தில், எட்டுத் தெருவுள்ள ஒரு பட்டணம். அங்கே காசு செல்லாது. எதை வாங்குவதென்றாலும் உங்கள் ஞாபகத்தில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். வாசலில் கண் தெரியாத திருக்கை ஒன்று காவல் இருக்கிறது. ஊரே வெளிக்கிட்டு ஓடிய ஒரு நாளில், இறங்குதுறையில், சனம் முண்டியடித்துத் தோணி ஏறும்போது, லைலா என்ற சிறுமி தன் தம்பியின் கையை விட்டுவிடுகிறாள். தம்பி கடலில் விழுகிறான். உப்புப் பட்டணத்தார் அவனைக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார்கள். புத்தகத்துக்கு ஒரு தெருவாக லைலா தேடிக்கொண்டு போகிறாள். ஒவ்வொரு முறையும் தம்பி அடுத்த தெருவில் இருக்கிறான்.

திருகோணமலையில் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் அடிக்கும் சோமசேகரம் என்பவர்தான் முதல் புத்தகத்தை அச்சிட்டார். முந்நூறு பிரதி அடித்துவிட்டு, “இதை ஆர் வாங்குறது?” என்று முனகினார். ஆறு மாதத்துக்குள் மூன்றாம் முறை அடித்தார். பள்ளிக்கூட நூலகங்களில் அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் கிழிந்தது. மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். எல்லாக் கடிதத்திலும் கடைசியில் ஒரே கேள்விதான்: தம்பி எப்ப வீட்ட வருவான்?

அது ஸுல்பிகாவின் கேள்வியும்தான். புத்தகத்தில் தம்பிக்குப் பெயர் வைக்கவில்லையே தவிர, வீட்டில் அவனுக்குப் பெயர் இருந்தது. பாஹிம்.

2006ஆம் ஆண்டு ஆவணியில், சண்டைக்குப் பயந்து மூதூரை விட்டுச் சனம் நடந்தபோது அவனுக்கு நாலு வயது. தகப்பன் கட்டாரில் ஒரு விபத்தில் மவுத்தாகி இரண்டு வருஷம். ஸுல்பிகா அன்றைக்கு எடுத்துக்கொண்டது இரண்டு பிள்ளைகளையும், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மெசினின் தலையையும். தம்பிக்கு அவளே தைத்த மஞ்சள் சட்டை. மஞ்சள் பொத்தான் முடிந்துபோனதால் கடைசிப் பொத்தான் மட்டும் நீலம். கிளிவெட்டி தாண்டி எங்கேயோ ஒன்று வெடித்தது. சனம் கண்மண் தெரியாமல் ஓடியது. ஓடி நின்று பார்த்தபோது பாஹிம் இல்லை. “நான் மெசினைத் தூக்கினதால தம்பிய ராத்தாட கையில குடுத்தன். ஏழு வயசுப் புள்ள, பயத்தில விட்டுட்டாள். அவளை என்னத்தச் சொல்ல?” இதுதான் ஸுல்பிகா கந்தளாய் முகாமில் சொன்னது, உறவுக்காரருக்குச் சொன்னது, விசாரிக்க வந்த உத்தியோகத்தருக்குச் சொன்னது. சொல்லும்போதெல்லாம் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். ஊரும் அவளை மெச்சியது. பிள்ளையைத் தொலைத்தவளைக் கூட ஒரு வார்த்தை ஏசாத தாய் என்றது.

முகாமில் அந்த ராத்தா, மூத்தவள் நப்லா, வாயே திறக்கவில்லை. பேசாத பிள்ளையைப் பேச வைக்கத் தாய் ஒரு கதை தொடங்கினாள். தம்பி சாகவில்லை, கடலுக்கடியில் ஒரு பட்டணத்தில் இருக்கிறான், லைலா அவனைத் தேடிப் போகிறாள் என்று. அதுதான் பிறகு புத்தகமானது. முதல் பக்கத்தில், ‘தம்பியைத் தேடிக்கொண்டிருக்கும் என் மகள் நப்லாவுக்கு’ என்று அச்சடித்திருக்கிறது. பாஹிமுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கும்படி அரசாங்கக் கச்சேரியில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்கள். ஸுல்பிகா எடுக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்வரை அவன் உயிரோடு இருக்கிறான் என்பது அவளுடைய கணக்கு.

சீதன உறுதி எழுதி நாலு வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து படக் கம்பனி ஒன்று வந்தது. குளிரூட்டிய வான், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட நாலு பேர். அவர்கள் ஸுல்பிகாவைத் தேடி வந்து, ஸுல்பிகா சமைத்ததைச் சாப்பிட்டு, ஸுல்பிகாவோடு படம் எடுத்துக்கொண்டு, நப்லாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். உறுதியில் அப்படித்தானே இருந்தது.

“மாமி, மூண்டு படமாம்! ஓடினா இன்னும் மூண்டாம். பள்ளிக்கூட பேக், தண்ணிப் போத்தல், பென்சில் பெட்டி எல்லாத்திலும் லைலாட முகம் வருமாம்” என்று றிகாஸ் குதித்தான். அவன் கெட்டவன் அல்ல. கடையில் எதைக் கொடுத்தாலும் கொப்பி எடுத்துக் கொடுப்பவன், என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்க்கிற வழக்கம் இல்லை.

ஸுல்பிகா கம்பனிக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “தம்பி வீட்ட வரணும். எத்தனையாவது படத்தில எண்டாலும் பரவாயில்ல. அவன் வந்தாச் சரி.”

“அதுக்கென்னம்மா, பாப்பம்” என்றார் அவர்களில் பெரியவர். இந்த நாட்டில் ‘பாப்பம்’ என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்களுக்குக் கணக்கில்லை. ஸுல்பிகாவும் நம்பினாள்.

நம்புவதற்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்தது. எட்டாவது புத்தகத்தை அவள் எழுதி முடித்திருந்தாள். குசினிக்குப் பின்னால் ஒதுங்கிய நாலு வருஷத்தில், அபாயா தைத்த நேரம் போக மிச்ச நேரத்தில், தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதி, மெசினை மூடும் மரப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். எட்டாம் தெரு. லைலா தம்பியைக் கண்டுபிடித்துக் கரைக்குக் கூட்டிவருகிறாள். அதை அச்சுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாஹிம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு தேடுவதற்கு ஒன்றும் இல்லையே என்ற பயம்.

ஒரு காலைப்பொழுதில் லிங்கநகரிலிருந்து லோஜினி என்ற பெண் வந்தாள். படத்தில் உடுப்புகளுக்குப் பொறுப்பு அவள்தான். ஸுல்பிகாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள்.

“அன்ரி, நான் ஆறாம் வகுப்பில இருந்து உங்கட புத்தகம் வாசிக்கிறனான். லைலா எண்டா எனக்கு உயிர். தம்பிட சட்டையை வேற ஆரும் தைக்கக்கூடாது எண்டு நான்தான் அவையோட சண்டை பிடிச்சனான். நீங்கதான் தைக்கோணும். இஞ்ச பாருங்கோ, நீலப் பொத்தானும் கொண்டு வந்தனான்.”

ஸுல்பிகாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. துணியை விரித்துப் பார்த்தாள். நல்ல பருத்தி, சரியான மஞ்சள். “எத்தனை சட்டை மகள்?”

“எட்டு.”

“எட்டா! அவன் ஏழை வீட்டுப் புள்ளையெல்லோ? அவனுக்கு இரிக்கிறது ஒரே ஒரு சட்டை.”

“படத்திலயும் ஒரு சட்டைதான் அன்ரி. ஆனா தண்ணிக்குள்ள விழுற காட்சி. ஒருக்காவில சரிவராது, திருப்பித் திருப்பி எடுப்பினம். ஒவ்வொரு தரமும் காஞ்ச சட்டை போடோணும். அதுக்கு ஏழு. எட்டாவதை மட்டும் தைச்ச பிறகு கிழிச்சு, உப்புத் தண்ணியில ஊறப்போட்டு வெளிற வைக்கோணும். அது கரை ஒதுங்கிற காட்சிக்கு.”

“கரை ஒதுங்கிறது ஆரு?”

லோஜினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா அன்ரி?”

பிறகு அவளே சொன்னாள். முதல் படத்திலேயே தம்பி செத்துப்போகிறான். மூன்றாம் நாள் கரை ஒதுங்குகிறான். லைலா உப்புப் பட்டணத்துக்குப் போவது அவனைத் தேடி அல்ல, அவனைக் கொன்றவர்களைப் பழிவாங்க. “தேடிக்கொண்டே இருந்தா ஒரு படத்துக்கு மேல சனம் இருக்காதாம். பழிவாங்கல் எண்டா ஆறு படத்துக்கு இழுக்கலாமாம். எனக்கும் அழுகை வந்தது அன்ரி. ஆனா அவையள் சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்கெல்லோ?” என்றாள். ஸுல்பிகா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எட்டுச் சட்டைக்கான துணியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஸுல்பிகா முதலில் றிகாஸிடம் ஓடினாள். “கையெழுத்துப் போட்டது நப்லா மாமி. நான் என்ன செய்ய?” என்று அவன் இயந்திரத்துக்குள் அடுத்த தாளை வைத்தான். ஆகவே மரப்பெட்டியைத் திறந்து கொப்பியை எடுத்துக்கொண்டு மகளிடம் போனாள். ஒரு காலத்தில் தன்னுடையதாக இருந்த வீட்டின் கதவைத் தட்டிவிட்டு நின்றாள்.

“மகள், இதில அவன் வாறான். இதை அவங்களிட்டக் குடு. அவன் வந்து சேந்த கதை கையில இரிக்கக்குள்ள ஏன் சாகடிக்கணும்? நீ சொன்னாக் கேப்பாங்க. நீதானே உரித்துக்காரி.”

நப்லா கொப்பியை வாங்கினாள். தாயின் புத்தகங்களை மகள் வாசிப்பதில்லை என்றுதான் ஸுல்பிகா அதுவரை நினைத்திருந்தாள். வீட்டில் அவள் ஒன்றையும் தொட்டுக் கண்டதில்லை. இதை மூன்று நாள் வைத்திருந்தாள். அந்த மூன்று நாளும் ஸுல்பிகா ஒரு துணியும் வெட்டவில்லை.

நாலாம் நாள் நப்லா கூப்பிட்டாள். அவள் அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். கொப்பி மடியில் கிடந்தது.

“வாசிச்சிட்டன் உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ். பாத்தியா, எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறாள் எண்டு? அவன் ராத்தாவ மன்னிக்கிறான், பாத்தியா?”

“ஓம், பாத்தன். ‘ராத்தா, நீ கைய விட்டது பரவாயில்ல’ எண்டு சொல்லுறான்.” நப்லா அந்தப் பக்கத்தை விரித்து விரலை வைத்தாள். “இதிலயும் நான்தானா உம்மா கைய விட்டது?”

ஸுல்பிகாவுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கவில்லை. “அது லைலா மகள்.”

“லைலா ஆரெண்டு முதல் பக்கத்திலயே அச்சடிச்சுப் போட்டீங்களே. எட்டாம் வகுப்பில வரிசையா ரெண்டு ரெண்டு பேராக் கை கோத்துக்கொண்டு நிக்கணும். என்ட கையை ஒருத்தியும் புடிக்கமாட்டாள். ‘இவள் விட்டிருவாள்’ எண்டு சொல்லுவாளுகள். ஒவ்வொரு புத்தகம் வரக்குள்ளயும் புதுசா ஒரு வகுப்பு வாசிக்கும், புதுசாச் சிரிக்கும். ஏழு புத்தகம் உம்மா. நீங்க என்ட தலையைத் தடவித் தடவி எழுதினீங்க.”

“நான் உன்னக் குத்தம் சொல்லி எழுதல்ல. ஏழு வயசுப் புள்ள நீ, தம்பிய உன்ட கையில குடுத்தது என்ட பிழைதான் எண்டு—”

“குடுக்கல்ல” என்றாள் நப்லா.

குரலை உயர்த்தவில்லை. மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். “என்ட கையில நீங்க அவனத் தரவே இல்ல. நான் உங்கட அபாயாவப் புடிச்சிக்கிட்டு வந்தன். அவன் உங்கட கையிலதான் இரிந்தான். வெடிச்ச உடன மெசின் இடுப்பில இரிந்து சரிஞ்சிச்சு. நீங்க ரெண்டு கையாலும் மெசினப் புடிச்சீங்க. நான் பாத்துக்கொண்டிருந்தன்.”

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். தாய்மார் செய்ததற்கெல்லாம் மேலே போர்த்த வசதியான போர்வை அது. ஸுல்பிகா பொய் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் முகாமில் யாரோ கேட்டபோது வாய் ஒன்றைச் சொல்லியது. மறுநாளும் அதையே சொன்னது. பத்தொன்பது வருஷம் சொல்லி, ஏழு புத்தகம் எழுதி, அச்சில் பார்த்து, பரிசும் வாங்கிய பிறகு அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. அவளுடைய உப்புப் பட்டணத்தில் ஒரு ஞாபகத்தைக் கொடுத்தால் என்ன வேண்டுமானாலும் வாங்கலாம் அல்லவா? அவள் எதைக் கொடுத்து எதை வாங்கினாள் என்று அந்தக் கதிரையில் இருந்தவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“அவங்க ரெண்டு விதமா எழுதிக்கொண்டு வந்தாங்க” என்றாள் நப்லா. “ஒண்டுல தம்பி வாறான், ஒண்டுல மவுத்தாகிறான். எது வேணும் எண்டு என்னிட்டத்தான் கேட்டாங்க. சாகட்டும் எண்டு நான்தான் சொன்னன். அவன் மவுத்தாகிட்டான் உம்மா, அது உங்களுக்கும் தெரியும். நீங்க அவனச் சாகவிடாம வெச்சிருக்கிற வரைக்கும் நான் தேடிக்கொண்டே இரிக்கணும். எனக்கு ஏலாது. கைய விட்டது ஆரெண்டும் அவங்களுக்குச் சொல்லிட்டன்.”

அவள் எழுந்து கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

“அதைத் தா மகள். அது என்ட கொப்பி.”

“எழுதப்போறதும் மகளுக்கு எண்டு நீங்கதானே சொன்னீங்க” என்றாள் நப்லா. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஸுல்பிகா சட்டைகளைத் தைத்தாளா என்று கேட்பீர்கள். தைத்தாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கொழும்பில் யாரோ ஒருத்தி நீலப் பொத்தானைக் கழுத்தடியில் வைத்துத் தைத்திருப்பாள், அதை அவளால் பொறுக்க முடியாது. மனுசர் இப்படியும் இருப்பார்கள். லோஜினி எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டை அவள் பார்க்கவே இல்லை. நாலு வயதுப் பிள்ளையின் தோளும் கக்கமும் அவள் கையிலேயே இருந்தன. ஆறு நாளில் எட்டுச் சட்டையும் தைத்து, கொடியில் வரிசையாகக் காயப்போட்டாள். வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா, “எட்டும் எட்டுப் பேரனுக்கா?” என்று பகிடி விட்டாள். ஸுல்பிகா உள்ளே போய்விட்டாள்.

ஏழாம் நாள் லோஜினி சட்டைகளை எடுக்க வந்தாள். “அருமை அன்ரி, அருமை!” என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டாவதை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். “இதைக் கிழிச்சு வெளிற வைக்கிறதையும் நீங்களே செய்யுங்கோ. எனக்கு மனசு வராது. இன்னுமொண்டு அன்ரி. கதையில ஒரு தாயைச் சேத்திருக்கினம். புத்தகத்தில இல்லாத ஆள். அவ இடுப்பில ஒரு தையல் மெசின் தூக்கிக்கொண்டு வாறவ. பழைய மெசின் எங்கயும் கிடைக்கேல்ல. உங்கட மெசினைத் தரச்சொல்லி நப்லா அக்கா சொன்னவ.”

றிகாஸ் மெசினின் தலையைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினான். ஸுல்பிகாவும் ஏறிக்கொண்டாள். தன் மெசினைத் தனியே விட அவளுக்குப் பயம். அது பாஹிமை விட்ட பிறகு வந்த பழக்கம் அல்ல என்பதை அன்றைக்குத்தான் அவளே விளங்கிக்கொண்டாள்.

துறைமுகத்தில் பாவனையில் இல்லாத ஒரு பழைய இறங்குதுறையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். பத்துத் தோணி, இருநூறு சனம், எல்லாரும் கூலிக்கு ஓட வந்தவர்கள். ஓடச் சொன்னதும் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். சிலர் ஒரு காலத்தில் நிசமாக ஓடியவர்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. தம்பியாக நடிக்க வந்த பொடியன் கொழும்பில் நீச்சல் படித்தவன், மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றான். தண்ணீருக்குள் அவனைத் தூக்க இரண்டு பேர் காத்திருந்தார்கள். நப்லா ஒரு குடையின் கீழ், கம்பனிக்காரர் கொடுத்த கதிரையில் இருந்தாள். தாயைப் பார்த்தாள், பக்கத்தில் வரச்சொல்லவில்லை.

தாயாக நடித்த நடிகை நல்ல நடிகை. அதுதான் வில்லங்கமாகப் போயிற்று. இடது கையில் பிள்ளை, வலது பக்க இடுப்பில் மெசின், அபாயாவைப் பிடித்தபடி லைலா. வெடிச் சத்தம் கேட்டதும் மெசின் சரிய வேண்டும். அவள் இரண்டு கையாலும் மெசினைப் பிடிக்க வேண்டும். பிள்ளை விழ வேண்டும். பிள்ளை ஒவ்வொரு தரமும் ஒழுங்காக விழுந்தான். அவளுடைய கைதான் ஒவ்வொரு தரமும் மெசினை விட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கம் பாய்ந்தது. ஆறு தரம் எடுத்தார்கள். ஆறு சட்டை நனைந்து கயிற்றில் தொங்கியது. மெசின் இரண்டு தரம் பலகையில் விழுந்து ஒரு பக்கம் நசுங்கியது.

“எனக்கு இது விளங்கேல்ல” என்று நடிகை கத்தினாள். “எந்தத் தாய் பிள்ளையை விட்டுட்டு மெசினைப் பிடிப்பா? எழுதினவையைக் கேளுங்கோ!”

இயக்குநர் நல்ல மனதோடு ஸுல்பிகாவைப் பார்த்தார். “அம்மா, நீங்கதானே இந்தக் கதையைப் பெத்தவ. இவவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கோ. ஒரு சட்டைதான் மிச்சம் இருக்கு.”

ஸுல்பிகா எழுந்து போனாள். நசுங்கிய மெசினைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் இடுப்புக்கு அதன் இடம் தெரிந்திருந்தது. இடது கையை நீட்டினாள். பொடியன் பிஸ்கட் ஒட்டிய விரல்களை அதற்குள் வைத்தான். அவள் அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“யோசிச்சா ஏலாது மகள்” என்றாள் நடிகையிடம். “யோசிச்சாப் புள்ளையத்தான் புடிப்ப. கை யோசிக்கிறல்ல. மெசின் பாரம். அது சரியக்குள்ள உடம்பே அந்தப் பக்கம் போகும். போனா ஒரு கையால நிப்பாட்ட ஏலாது. ரெண்டு கையும் வேணும். இந்தா, இப்பிடி.”

மெசினைச் சரியவிட்டாள். இரண்டு கையாலும் பிடித்தாள். பொடியனின் கை வெறுமனே காற்றில் நின்றது. “புள்ளைய விட்டது அப்ப தெரியாது. மெசின் விழல்ல எண்டதுதான் தெரியும். அல்லாஹ்வே, மெசின் விழல்ல எண்டு சந்தோசமா இரிக்கும். பிறகுதான் திரும்பிப் பாப்பாய்.”

அவள் நப்லாவைப் பார்த்தாள். நப்லா அழவில்லை. அழுவாள், எழுந்து வருவாள், கையைப் பிடிப்பாள் என்று ஸுல்பிகா எதிர்பார்த்தாள். அவள் எழுதிய கதை என்றால் அப்படித்தான் நடந்திருக்கும். நப்லா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தாள்.

ஏழாம் தரம் நடிகை சரியாகச் செய்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது தாயும் மகளும் ஆட்டோவின் பின்னால் இருந்தார்கள். நடுவில் மெசின். றிகாஸ் ஓட்டினான். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் ஸுல்பிகா வாய் திறந்தாள்.

“நப்லா, அந்தக் கொப்பியத் தா. ஆரு கைய விட்டது எண்டு மாத்தி எழுதித் தாறன். முதல் புத்தகத்தில இரிந்து மாத்துறன். என்ட பேரையே போடுறன். ஊர் எல்லாம் என்ட முகத்தில துப்பட்டும். அவன் மட்டும் வீட்ட வரட்டும் மகள்.”

நப்லா பாலத்துக்குக் கீழே ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். ஒரு பிள்ளை தாயின் வாயிலிருந்து கேட்க விரும்பும் எல்லாவற்றையும் அவள் அன்று கேட்டு முடித்துவிட்டாள். கேட்ட பிறகும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதுதான் அவளுக்கும் பயமாக இருந்தது.

“நாளைக்குக் கரை ஒதுங்கிற காட்சி உம்மா” என்றாள். “எட்டாவது சட்டை இன்னும் புதுசாக் கிடக்கு. இண்டைக்கே கிழிச்சு உப்புத் தண்ணியில போட்டிருங்க. லோஜினி காலையில வருவாள்.”

வீட்டுக்கு வந்ததும் ஸுல்பிகா கத்தரிக்கோலைத் தேடினாள்.